முடிச்சுக்குள் மருந்து

மூங்கிலாற்றுக் காட்டில் செம்பி என்ற மலையணிலும், கொறியன் என்ற குரங்கும், மிரளி என்ற முயலும் ஒன்றாகத் திரிந்தன. மூன்றில் மூத்தது செம்பி. அதனால் மற்ற இரண்டும் அதை அக்கா என்றே கூப்பிடும்.

ஒரு நாள் காலையில் கொறியன் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அக்கா, அந்தப்பக்க மலையில பலா பழுத்திருக்கு. காத்து இப்படி அடிக்கிறப்போ வாசனை வருது பாரு. போயிட்டு வந்துடலாமா?"

அந்தப்பக்க மலைக்குப் போவது லேசான காரியமில்லை. ஆற்றைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம் முள்ளுப் புதர். அதையும் தாண்டினால் அட்டைகள் நெளியும் ஈரச் சோலை. வழியில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் ஏனென்று கேட்க அங்கே ஒரு காக்கைகூட இருக்காது.

"போகலாம். ஆனா மருந்து மூட்டை கட்டாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்," என்றது செம்பி.

மூட்டை கட்டுவதென்றால் செம்பிக்குக் கொள்ளை ஆசை. பச்சிலை பறித்து வந்தது. மஞ்சள் கிழங்கு தோண்டியது. உப்புப் பாறையைச் சுரண்டிப் பொடி எடுத்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தேன் கொண்டு வந்தது. எங்கிருந்தோ ஒரு முள்ளம்பன்றி முள்ளையும் தேடிப் பிடித்தது. எல்லாவற்றையும் தேக்கிலையில் ஒரே அளவாக மடித்து, வரிசையாக அடுக்கி, மேலே பெரிய இலை சுற்றி, நாரால் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டது. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

"அக்கா, முள்ளம்பன்றி முள்ளு எதுக்கு?" என்று கேட்டது மிரளி.

"எனக்குத் தெரியும்."

"எந்தப் பொட்டலத்துல எது இருக்கு?"

"எனக்குத் தெரியும்னு சொல்றேன்ல? வரிசை எனக்கு அத்துப்படி. நீ உன் வேலையைப் பாரு."

கொறியன் சும்மா ஒரு விரலை நீட்டி மூட்டையைத் தொட்டது. பட்டென்று அதன் கையில் ஓர் அடி விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவோம். செம்பிக்கு அந்த மூட்டையில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மூட்டை தன்னிடம் இருக்கும்வரை இந்த இரண்டும் தன் வாலைப் பிடித்துக்கொண்டுதானே வர வேண்டும் என்று நினைக்கையில் அதற்கு உள்ளுக்குள் இனித்தது.

மூன்றும் கிளம்பின. சோலைக்குள் நுழைந்தபோது தூறல் போட்டது. மிரளியின் காதில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டது. செம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தது. வெள்ளையாக ஏதோ ஒன்றை எடுத்து அட்டை மேல் வைத்தது. அட்டை சுருண்டு விழுந்தது.

"என்ன மருந்துக்கா அது?" என்றது கொறியன், வாயைப் பிளந்தபடி.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லி, செம்பி மறுபடி முடிச்சுகளை இறுக்கிப் போட்டது.

மலை ஏறியதும் பலா மரம் தெரிந்தது. பழம் ஒன்று கீழே விழுந்து, பிளந்து, மஞ்சள் மஞ்சளாகச் சுளை காட்டிக்கொண்டு கிடந்தது. நடந்த களைப்பெல்லாம் மூன்றுக்கும் பறந்து போயிற்று. செம்பி முதலில் பாய்ந்து பெரிய சுளையாக ஒன்றை எடுத்து வாய்க்குள் திணித்தது. அந்தச் சுளைக்கு அடியில் ஒரு தேனீ உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்ததை அது பார்க்கவில்லை.

தேனீ நாக்கிலேயே கொட்டிவிட்டது.

செம்பி துள்ளி விழுந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர். நாக்கு மளமளவென்று வீங்கி வாயை அடைத்தது. மூச்சு சீறிக்கொண்டு வந்தது. கொடுக்கு நாக்கிலேயே நிற்கிறது, அதை எடுக்காவிட்டால் வீக்கம் ஏறும், ஏறினால் மூச்சுக்கு வழியிருக்காது. இதெல்லாம் செம்பிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் நாக்கு இல்லை.

அது விரலால் நாக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது.

"இன்னும் வேணுமாம்," என்று கொறியன் ஒரு சுளையை நீட்டியது.

"ஐயோ, அக்காவுக்கு மூச்சு திணறுதுடா. மூட்டையைப் பிரி!" என்று கத்தியது மிரளி.

பிரிப்பது எப்படி? மழையில் நனைந்த நார் இறுகிப் போயிருந்தது. கொறியன் நகத்தால் நெம்பிப் பார்த்தது. ஒரு முடிச்சும் அசையவில்லை. கடித்து அறுக்கச் செம்பியால் வாயை மூட முடியவில்லை. மிரளிதான் நாரில் பல்லை வைத்தது. கறுக் கறுக்கென்று அறுத்து முடித்ததும் மூட்டை சட்டென்று விரிந்து, பொட்டலங்கள் புல்லில் உருண்டன. செம்பியின் அருமையான வரிசை போயே போயிற்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே இலை. எது எதுவென்று இப்போது செம்பிக்கே தெரியவில்லை.

கொறியன் கைக்கு வந்ததைப் பிரித்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

"இதுதான்! அட்டையையே சுருட்டின மருந்து," என்று சொல்லி, ஒரு சிட்டிகை அள்ளிச் செம்பியின் நாக்கில் வைத்தது.

வீங்கின நாக்கில் உப்பு. செம்பி போட்ட கூச்சலில் மரத்துப் பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பாவம் கொறியன், தானும் அழ ஆரம்பித்தது.

மிரளி அதற்குள் மற்றப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்தது. ஒன்றில் பச்சிலை. ஒன்றில் மஞ்சள். அடுத்ததில் முள்ளம்பன்றி முள். மிரளி முள்ளைப் பார்த்தது. செம்பியின் நாக்கைப் பார்த்தது. நாக்கின் நடுவே கறுப்பாகக் குத்திட்டு நின்றது கொடுக்கு.

"கொறியா, அந்தக் கறுப்பு தெரியுதா? அதைத் தட்டி எடுக்கத்தான் இந்த முள்ளு. என் கை நடுங்குது. நீ எடு."

"எனக்கு மருந்தெல்லாம் தெரியாதே."

"பேன் பார்க்கத் தெரியும்ல?"

அதைக் கேட்டதும் கொறியனின் அழுகை நின்றது. பேன் பார்ப்பதில் அந்தக் காட்டிலேயே அதற்கு நிகர் கிடையாது. மிரளி செம்பியின் தலையைப் பிடித்துக்கொள்ள, கொறியன் முள்ளை நாக்கோடு படுக்க வைத்து ஒரே இழுப்பில் கொடுக்கை வழித்து எடுத்தது. மிரளி ஓடிப் போய் இலையில் சுனைத் தண்ணீர் ஏந்தி வந்தது. சில்லென்ற தண்ணீரை நாக்கில் விட விட, சீறல் மெல்ல அடங்கியது. கடைசிப் பொட்டலத்தில் இருந்த தேனை இரண்டும் தொட்டுத் தடவின. கொறியன் அதில் பாதியைத் தன் வாயில் தடவிக்கொண்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வெயில் சாயும் வேளைக்குச் செம்பிக்குப் பேச்சு திரும்பியது. பிழைத்தோம் என்ற நிம்மதியில் அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"பந்நிப்பு... மன்னிப்புடா," என்றது. "உப்பு அட்டைக்கு. பச்சிலை வெட்டுக்காயத்துக்கு. ரெண்டு பேரும் திருப்பிச் சொல்லுங்க."

அடுத்த பலாப் பருவத்திலும் அவை மலைக்குப் போயின. இந்த முறை மூட்டையில் ஒரே ஒரு சுருக்கு. இழுத்தால் அவிழும். ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வொரு வகை இலையில் இருந்தது. வழியெல்லாம் செம்பி கேள்வி கேட்டுக் கேட்டு இரண்டையும் பாடாய்ப் படுத்தியது.

வழியில் செம்பி ஒரு மரத்தில் ஏறிப் பாதை பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே மிரளியின் காலில் முள் தைத்தது. செம்பி பதறி இறங்கி வருவதற்குள் கொறியன் முள்ளை எடுத்து, மஞ்சள் வைத்து, கட்டும் போட்டுவிட்டது.

"என்ன வெச்சே?" என்றது செம்பி.

"எனக்குத் தெரியும்," என்று கொறியன் கண்ணைச் சிமிட்டியது.

மூன்றும் சிரித்துக்கொண்டே பலா வாசனையை நோக்கி நடந்தன. செம்பி மட்டும் அன்று ஒவ்வொரு சுளையையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தின்றது.

நீதி: ஆபத்துக்கு உதவும் பொருளைக் கொண்டு போனால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் விதம் கூட வருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.