பால் காய்ச்சாத வீடு

கொள்ளிடக் கரையில் மடம் வைத்திருந்த ஒரு குருவுக்கு மாசிலாமணி என்று ஒரு சீடன் இருந்தான். சீடன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அவன் ஞானம் தேடி வந்தவன் அல்ல, பெரிய வியாபாரி. வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"சாமி, அவ வருவாளா?"

குரு விபூதியை எடுத்து நீட்டுவார். அவனும் கோபித்துக்கொள்ளாமல் அதை வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

அவள் என்றால் அமிர்தவல்லி. வாலிபத்தில் அவளைப் பெண் கேட்டுப் போனான். "எம்பொண்ணு வந்து பால் காய்ச்ச ஒனக்கு ஒரு வீடு இருக்கா?" என்று கேட்டு அவள் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். மாசிலாமணி கப்பலேறினான். கிராம்பும் மிளகும் விற்று, காதோரம் நரைத்த பிறகு பெரும்பணத்தோடு திரும்பினான். அதற்குள் அவளைக் கீழூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

அதையெல்லாம் அவன் காதில் வாங்கவில்லை. கீழூரிலிருந்து பார்த்தால் தெரியும்படி மேட்டில் ஒரு வீடு கட்டினான். தேக்குத் தூண், பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி. புது வீட்டில் பால் காய்ச்சிப் பொங்கவிட்ட பிறகுதானே குடிபோக வேண்டும்? அந்தப் பால் அவள் கையால்தான் பொங்க வேண்டும் என்று வீட்டைப் பூட்டினான். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அதில் படுத்துக்கொண்டான். பணம் பத்தும் செய்யும் என்பார்கள். அவன் பதினொன்றாவதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. கீழூருக்குள் தண்ணீர் புகுந்தது. ஆண்கள் உடைப்பை அடைக்க நின்றுகொண்டு பெண்களையும் பிள்ளைகளையும் மடத்துக்கு அனுப்பினார்கள். மடத்திலேயே முழங்காலளவு தண்ணீர். குரு அவர்களைக் கூட்டிக்கொண்டு கொட்டும் மழையில் மேட்டுக்கு வந்தார்.

"கதவத் தெறப்பா."

"சாமி, இன்னும் பால் காய்ச்சலியே."

"அதப் பாத்துக்கிட்டா மழை பெய்யுது?"

மாசிலாமணி நெளிந்தான். சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அவன் கை அதன் பக்கம் போகவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. உடம்பெல்லாம் சேறு. மழைக்குத் தலையில் கோணிச்சாக்கு போட்டிருந்தாள்.

"ஐயா, சின்னவனுக்குக் காச்சலு, அனலாக் கொதிக்குது. அடுப்படியில ஒரு மூலை குடுத்தாப் போதும். கொஞ்சம் பாலக் காச்சிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கறேன்."

பால் என்றதும் அவன் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தான்.

"வேற எது வேணாலும் கேளும்மா, தரேன். அந்த அடுப்புல மொதப் பாலு அமிர்தவல்லி கையாலதான் பொங்கணும். இது அத்தனையும் அவளுக்காகக் கட்டுனது."

அந்தப் பெண் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பி வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். சாக்கை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரிங்கய்யா" என்றாள்.

மாசிலாமணி கல்நெஞ்சக்காரன் அல்ல. தன் கொட்டகையை அவர்களுக்குக் கொடுத்தான். அரிசி கொடுத்தான், போர்வை கொடுத்தான், பால்காரனை விரட்டிப் பாலும் வாங்கிக் கொடுத்தான். அவன் மட்டும் பூட்டிய வீட்டுப் படியில், சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் அவள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் மடத்துக்கு ஓடி வந்தான்.

"சாமி, கீழூர்ல பாதி வீடு விழுந்து போச்சாம். அமிர்தவல்லிக்கு என்ன ஆச்சோ தெரியல. வந்த கூட்டத்துல ஒவ்வொரு மொகமாத் தேடினேன். அவளக் காணோம்."

குரு மடத்துக்குள் படிந்த சேற்றை வாரிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"நீயும் பாத்தே. பேசக்கூடச் செஞ்சே."

மாசிலாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்தச் சாக்குப் போட்ட..."

"ஆமா."

"என்னை அடையாளம் தெரிஞ்சுதா அவளுக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சாமி ஒரு வார்த்த சொல்லல? சொல்லியிருந்தா வீட்டையே அவ கையில குடுத்திருப்பேனே!"

"நானும் அவகிட்ட அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

குரு கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"'அவரு பாவம், யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்காரு. அவ நானில்ல சாமி'ன்னு சொன்னா."