புளியமரத்தடியில் மூன்று நிமிடம்

“கேமரா பெரிசா, கை பெரிசா? ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம்” என்று கேட்டார் டாக்டர் குணசீலன்.

நூர்ஜஹான் ஒரு பள்ளிக்கூடக் குரூப் போட்டோவின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தெரியலை டாக்டர்.”

நூர்ஜஹானுக்கு முப்பத்தாறு வயது. அந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பார். அவர்களில் குணசீலன்தான் மூத்தவர். முப்பது வருடம் பல் டாக்டர். போன வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு பெண்ணின் வாய்க்குள் ஊசியோடு போன கை நிற்கவே மறுத்தது. மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டார்.

“கைதான் பெரிசுன்னா நான் இதையும் விட்டுடணும். அதனாலதான் கேட்கிறேன்.”

நூர்ஜஹான் கத்திரியை வைத்துவிட்டு அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார்.

“அடுத்த மாசம் கிரகணம் வருது. அதை எடுப்போம்” என்றார்.

சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம். மூன்று நிமிடம் நிற்கும். குணசீலன் ஆயுளில் அந்த ஊருக்கு இன்னொன்று வராது.

குணசீலன் ஒரு மாதம் தூங்கவில்லை என்றே சொல்லலாம். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வந்தது. அசையாத ஸ்டாண்டு வந்தது. தொடாமலே படமெடுக்க ரிமோட் வந்தது. வெயில் கேமராவைப் பொசுக்காமலிருக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியும் வந்தது.

அன்று காலை ஊருக்கு வெளியே பாறைமேட்டில் எல்லாவற்றையும் நிறுத்திச் சரிபார்த்தார். அதற்குள் சூரியனில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. கையால் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கண்ணாடியை மாட்டவேண்டும்.

“நான் மாட்டட்டுமா?” என்றார் நூர்ஜஹான்.

“வேண்டாம். நானே மாட்டுறேன்.”

கண்ணாடி மரையில் உட்காரவில்லை. இன்னொரு முறை திருகினார். கை உதறியது.

கண்ணாடி பாறையில் விழுந்து சில்லுச் சில்லாய்ப் போனது.

குணசீலன் கேமராவைக் கழற்றித் தோளில் மாட்டினார். பாறையை விட்டு இறங்கி, கீழே நின்ற புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

நூர்ஜஹான் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தார். வெளிச்சம் விளக்குத் திரியைக் குறைத்ததுபோல் மங்கிக்கொண்டே வந்தது. காக்கைகள் அடங்கிவிட்டன. காற்றில் ஒரு குளிர்ச்சி.

“டாக்டர்.”

“என்னை விட்டுடுங்க மேடம்.”

“உங்க கை.”

“கையைப் பத்திப் பேசாதீங்க.”

“பேசலை. பாருங்க.”

குரல் மாறியிருந்தது. குணசீலன் கைகளை இறக்கினார்.

புறங்கையில் ஒரு வளையம். தங்கக் கம்பியை வளைத்து வைத்ததுபோல் வெளிச்சத்தால் ஆன வளையம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மணிக்கட்டில் மூன்று. சட்டையெல்லாம், மடியெல்லாம். தலையைத் திருப்பினார். புளியமரத்தடி முழுக்க, நிழல் எட்டிய தூரம்வரை, ஆயிரம் ஆயிரம் சூரியன்கள் வளையம் வளையமாகக் கிடந்தன.

மேலே பார்த்தார். இலை. இலைக்கு நடுவே பொடிப்பொடியாய் இடுக்கு. ஒவ்வோர் இடுக்கும் ஒரு சூரியனைப் பிடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

ஆடு மேய்க்கும் ஒச்சம்மா மந்தையோடு மரத்தடிக்கு ஒதுங்கி நின்றிருந்தார். வெள்ளாட்டின் முதுகில் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“யாரு சாமி இத்தனை வளையலைக் கொட்டுனது?” என்றார்.



குணசீலன் வலது கையை நீட்டினார். அது நடுங்கியது. அதன்மேல் விழுந்த வளையம் நடுங்கவில்லை. கை அதற்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. வளையம் இருந்த இடத்தில் இருந்தது.

வெகுநேரம்போலத் தோன்றிய சில நொடிகள் அதையே பார்த்தார். பிறகு பெரிய லென்ஸைக் கழற்றி மண்ணில் வைத்தார். பைக்குள் கிடந்த சின்ன லென்ஸை மாட்டினார். அது எப்படி ஒரே திருகில் உட்கார்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒச்சம்மாவையும் ஆட்டையும் ஒரு படம் எடுத்தார். ஒன்றே ஒன்று.

படம் சரியாக வந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை.

“மேடம், இதுக்காகத்தான் என்னைக் கிரகணம் எடுக்கச் சொன்னீங்களா? இப்படி விழும்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

திரும்பிப் பார்த்தார்.

நூர்ஜஹான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தார். அவருடைய கேமரா கழுத்தில் தொங்கியது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. விரித்த இரண்டு உள்ளங்கையிலும் வளையங்கள். கன்னம் நனைந்திருந்தது.

“தெரியாது டாக்டர்” என்றார். “பேசாதீங்க. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.”