காது மெஷின் கடைக்குப் பக்கத்தில்

திருச்சியில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை அது. கடை ரஷீதாவுடையது. அவளிடம் தொழில் கற்கிறவர் துரைக்கண்ணு, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவருக்கு அவள் மாஸ்டர்தான்.

ஒருநாள் மத்தியானம் ரஷீதா சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவர் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். பாவம், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னண்ணே?"

"பிலோமினா கொடுத்த பெட்டி மாஸ்டர். ஆன் பண்ணா படமே இல்லை, ஒரே கறுப்பு. வயரை மாத்தினேன், டிவியை மாத்தினேன். ம்ஹூம்."

"அதுக்கு?"

"படம் போடுற சிப்பு போயிருக்கும். அதைப் பிடுங்கிட்டு நம்ம டப்பாவில இருக்கறதைப் போட்டுடலாம்னு..."

டப்பாவில் அந்த சிப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இனி தேடினாலும் கிடைக்காது. போன மாதம் இதே அவசரத்தில் இன்னொரு பெட்டியின் போர்டைக் கருக்கி வைத்திருந்தார் மனுஷன்.

"பிலோமினாகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் குரல் இறங்கியது. "போன் பண்ணிச்சு. செத்துப்போச்சும்மான்னு சொல்லிட்டேன். அழுவுது மாஸ்டர். அவங்கப்பாவுக்குப் பக்கவாதம். கைப்பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த பந்தைத் தொடக்கூட மாட்டாராம். இந்த கேமுக்கு மட்டும்தான் கட்டைவிரல் அசையுதாம். பெட்டி போச்சுன்னதும் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துட்டாராம்."

ரஷீதா அயர்னை வாங்கி அணைத்தாள்.

"உங்க பஸ்ல முன்னாடி லைட்டு எரியலைன்னா இன்ஜினையா இறக்குவீங்க?"

"அது வேற மாஸ்டர். இன்ஜின் ஓடுற சத்தம்தான் காதுல கேக்குமே!"

அவள் டிவி ரிமோட்டை எடுத்தாள்.

பக்கத்துக் கடையில் காது மெஷின் விற்கிறார்கள். காதைச் சோதிக்கும் நேரத்தில் இங்கே சத்தம் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். அதனால் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத்தான் இங்கே எந்தப் பெட்டியையும் மாட்டுவது. அவளே வைத்த வழக்கம் அது.

சத்தத்தைக் கூட்டினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஆனால் கேமின் பாட்டு டிங் டிங்கென்று கடை முழுக்கக் கேட்டது. அவள் கேம் கன்ட்ரோலரின் பட்டனை அமுக்கினாள். பாட்டு மாறியது.

"அட கடவுளே!" துரைக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டாள். வீடியோ வயர் மாட்டும் இடத்தைப் பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டினாள். படம் சட்டென்று வந்து, மறுபடி போனது.

"இங்க வச்ச ஈயம் விண்டுபோயிருக்கு. ஒரு சொட்டு வச்சாப் போதும்."

துரைக்கண்ணு பெருமூச்சு விட்டார். அடுத்த நொடியே முகம் வெளிறியது.

"செத்துப்போச்சுன்னு வாயை விட்டுட்டேனே மாஸ்டர்! இப்ப என்னத்தைச் சொன்னா அந்தப் பெரியவர் நம்புவார்?"

ரஷீதா பிலோமினாவின் நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ண்ணே. போனை டிவிகிட்ட வைங்க."