கவிழ்த்துப் பார்த்த கிண்ணங்கள்

யவனர் கப்பல்கள் பாய்விரித்து வந்துபோன அந்தக் காலத்திலே, முத்துத்துறையைக் கடலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு.

அவருக்கும் மலைநாட்டுத் தலைவன் கொற்றனுக்கும் நெடுநாள் பகை. மிளகு வரும் பாதையையே கொற்றன் அடைத்துவிட்டான். மந்திரி நப்பாலன் நடையாய் நடந்து பேசி, அவனை விருந்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார்.

"யவனர் கொண்டுவந்த சிவப்புத் திராட்சை மதுவைக் கொடுத்து அசத்துவோம்!" என்றார் ராஜா.

அதிலேதான் வந்தது வம்பு. சபையில் சேந்தன் என்றொருவர். மந்திரி பதவிமேல் அவருக்கு ஒரு கண். "இருப்பதிலேயே பழைய சாடியைத் திறங்கள், மகாராஜா! நாக்கைப் பிடித்து இழுக்கும். அதுதான் ராஜ மது" என்றார்.

"கொற்றன் தேனும் பழமும் தின்று வளர்ந்தவன்" என்றார் நப்பாலன். "முதல்முதலாகக் குடிக்கிறவனுக்கு இளசாக, பழவாசனையோடு, தொண்டையை உறுத்தாததைக் கொடுக்கணும். முகம் சுளித்தானோ, பாதை திறக்காது."

"சபையே ருசி பார்த்துச் சொல்லட்டும். தோற்றவருக்குப் பதவி போச்சு!" என்றார் ராஜா.

நப்பாலன் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ராஜா தும்மினால்கூட 'அருமை' என்கிற சபையாயிற்றே!

ஆளுக்கு இரண்டு கிண்ணம் வந்தது. வெள்ளியில் பழசு, வெண்கலத்தில் இளசு. ராஜா வெள்ளிக் கிண்ணத்தை உறிஞ்சினார். கண் கலங்கிவிட்டது. கௌரவம் விடுமா?

"அருமை!"

"அருமை! அருமை!" என்று சபை அதிர்ந்தது. வெண்கலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"முத்திரை மோதிரத்தைக் கழற்றும், நப்பாலரே" என்று இளித்தார் சேந்தன்.

நப்பாலன் மோதிரத்தை உருவிக்கொண்டே, "ஒரே ஒரு வேண்டுகோள், மகாராஜா. எல்லாரும் கிண்ணங்களைக் கவிழ்க்கட்டும்" என்றார்.

கவிழ்த்தார்கள். வெண்கலத்திலிருந்து சொட்டுகூட விழவில்லை. வெள்ளியிலிருந்து கொட்டியது பாருங்கள், சபை நடுவே செக்கச்செவேலென்று ஓடை! சேந்தனின் வெள்ளிக் கிண்ணம் மட்டும் காலி.

"பார்த்தீரா? நான் ரசித்துக் குடித்தவன்!"

"காலடியில் எச்சில் படிக்கம் சிவந்து நிறைந்திருக்கிறதே, ஐயா. வெற்றிலைத் தட்டே இன்னும் வரவில்லையே?" என்றார் நப்பாலன்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தம் வெள்ளிக் கிண்ணத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மோதிரத்தைப் போட்டுக்கொள்ளும், நப்பாலரே. சேந்தனாரே, உம் பதவி போனாலும் அந்தப் பழைய சாடி முழுக்க உமக்கே பரிசு. என் கண்ணெதிரே தினம் ஒரு கிண்ணம்!"

விருந்தன்று கொற்றன் தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்தான். "அட, எங்க மலை நாவப்பழத்தைப் பிழிஞ்ச மாதிரி இருக்கே!" என்று கிண்ணத்தை மறுபடி நீட்டினான். விடிந்ததும் மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் மலைப்பாதையில் இறங்கி வந்தன.

ஊரே ஓடிப்போய் வேடிக்கை பார்த்தது. சேந்தன் மட்டும் ராஜாவின் எதிரே நின்று, அன்றைய கிண்ணத்தை விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அருமை."