ஒத்தைக் கால் எதிரி

ஒரே ஒரு கடலாம், அந்தக் கடலோரத்துல சிப்பிக்கரைன்னு ஒரே ஒரு ஊராம். அந்த ஊர்ல யாரும் கால்ல எதுவும் போட்டதே இல்லை. அதனால மணல்ல கிடக்கிற சுவட்டைப் பார்த்தே, இது மரியந்தா கால், இது அவ மாமியா கால், இது ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே நடந்த கால்னு எல்லாரும் சொல்லிடுவாங்க.

அப்ப அந்த ஊர் ராஜாவுக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜாவுக்கும் சண்டை வந்துச்சு. ஆம்பளைங்களை எல்லாம் கப்பல்ல துடுப்புப் போடக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிஞ்சினது பொம்பளைங்க, பிள்ளைங்க, கிழடு கட்டைங்க, அப்புறம் ஒரு கரைவலை. கரைவலை தெரியும்ல? கடல்ல வளைச்சுப் போட்டுட்டு, ரெண்டு முனைக் கயித்தையும் கரையில நின்னு ஊரே இழுக்கும். நடுவுல பை மாதிரி இருக்கும், அதுதான் மடி. மீனெல்லாம் அதுல வந்து விழும். அந்த ஒரு வலைதான் ஊருக்கே சோறு. அந்த ஊர்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு: கயித்துல கை வச்சவங்க, மடி கரைக்கு வர்ற வரைக்கும் கையை விடக் கூடாது. ராஜாவே வந்து கூப்பிட்டாலும் விடக் கூடாது.

எதிரி ரகசியமா கரையிறங்கினாலும் இறங்குவான்னு ஒரு காவல்காரனை வச்சிருந்தாங்க. அவன் பேரு தொம்மை. கால்ல வாதம்னு நொண்டிக் காட்டி, கப்பலுக்குப் போகாம தப்பிச்சவன்.

ஒருநாள் விடியக்காலையில தொம்மை தப்பட்டையை அடிச்சான். "எதிரி இறங்கிட்டான்! ஓடுங்க, பனங்காட்டுக்கு ஓடுங்க!" எல்லாரும் ஓடிப் பார்த்தா, மணல்ல பூட்ஸ் சுவடு! அவ்வளவுதான், பிள்ளையைத் தூக்கினவ தூக்க, பானையைத் தூக்கினவ தூக்க, ஒரே ஓட்டம். சாயங்காலம் திரும்பி வந்தா, ஊர்ல ஒரு கோழி இல்லை.

மறுவாரமும் தப்பட்டை, மறுவாரமும் ஓட்டம். திரும்பி வந்தா, காயப்போட்ட கருவாடு ஒரு துண்டு இல்லை.

அந்த ஊர்ல குருசம்மான்னு ஒருத்தி. கைக்குழந்தைக்காரி. பயந்தாங்கொள்ளின்னா அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி, நண்டு ஓடினாலே "ஆத்தா"ம்பா. அன்னைக்குப் பனங்காட்டுலேர்ந்து வரும்போது, தன் சுவட்டைப் பார்த்து எதிரி வீட்டைக் கண்டுபிடிச்சிடுவானேன்னு பயந்து, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, எதிரியோட சுவடு மேலேயே கால் வச்சு வந்தா. இடது காலை வச்சா, சரியாப் பொருந்துச்சு. வலது காலை வச்சா, பொருந்தலை. அடுத்ததுல இடது, பொருந்துச்சு. அடுத்ததுல வலது, பொருந்தலை. இருபது சுவடு, இருபதும் இடது காலு!

ஓடிப்போய் அண்ணி முறையுள்ள செபத்திகிட்ட சொன்னா. "மைனி, எதிரிக்கு ஒத்தைக் காலு!"

"அம்மாடி! ரெண்டு கால்காரனுக்கே நாம ஓட மாட்டாம ஓடுறோம்!"ன்னா செபத்தி.

"அந்தப் பக்கத்துல அப்படித்தான் பிறப்பாங்களாம். கண்ணும் ஒண்ணுதானாம்"னா சவேரிக் கிழவி.

"நீங்க பார்த்தீங்களாக்கும்?"ன்னா குருசம்மா.

"பார்த்தவன் உயிரோட இருப்பானாடி?"

விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள அந்த எதிரி பனைமர உயரம் வளர்ந்துட்டான்.

குருசம்மா மட்டும் யோசிச்சா. "சரி, ஒத்தைக் கால்காரன் எதுல வந்தான்? படகு இழுத்த தடத்தையே காணோமே. கடல்லேர்ந்து வரலைன்னா ஊருக்குள்ளேர்ந்துதானே வந்திருக்கணும்? வெறுங்காலா வந்தா நாம கண்டுபிடிச்சிடுவோம்னு பூட்ஸ் மாட்டுறவன் யாரு? கோழி போச்சு, கருவாடு போச்சு. இனி இருக்கிறது வலைதான். வலையும் போனா நான் எதைத் தின்ன, எம்பிள்ளைக்கு எங்கேர்ந்து பால் ஊறும்?"

சொல்லிக்கிட்டே குருசம்மா வலைக் கயித்துப் பக்கம் கையைக் காட்டினா.

"எனக்கும் பயம்தான் மைனி. ஆனா பயந்துக்கிட்டேயும் கயிறு பிடிக்கலாம். நீங்களும் வாங்க."

மூணாவது வாரம் தப்பட்டை கேட்டுச்சு. எல்லாரும் வழக்கம்போலக் கத்திக்கிட்டு ஓடினாங்க. ஆனா பனங்காட்டுக்கு இல்லை. வலை மணல்ல நீளமாக் காஞ்சுக்கிட்டு இருந்துச்சா, அதோட ரெண்டு முனையிலயும் தாழம்புதர். பாதிப் பேர் இந்தப் புதர்ல, பாதிப் பேர் அந்தப் புதர்ல. பிள்ளைங்க எல்லாம் கிழவிகிட்ட.

கொஞ்ச நேரத்துல சத்தம் கேட்டுச்சு. தொப்... தொப்... தொப்...

எட்டிப் பார்த்தா, ஒருத்தன் இடது கால்ல பூட்ஸ் மாட்டி, வலது காலை மடக்கிக்கிட்டு, தவளை மாதிரி தத்தித் தத்தி வர்றான். யாரு? நம்ம தொம்மை! கடல் ஒதுக்கின பூட்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு, பாவம். (சிரிக்காதீங்க, பிள்ளைங்களா, மிச்சத்தைக் கேளுங்க.)

பெரிய வலையைச் சுருட்டணும்னா மடியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். தொம்மை தத்தித் தத்தி வந்து, மடிமேல உட்கார்ந்து சுருட்ட ஆரம்பிச்சான்.  குருசம்மா கயித்தைப் பிடிச்சா, கத்தினா: "ஏலேலோ!"

"ஏலோ!"ன்னு ரெண்டு பக்கமும் இழுத்தாங்க பாருங்க! வலை ரெண்டு புறமும் எழும்பி, தொம்மையை மூடி, மடிக்குள்ள உருட்டிடுச்சு.

"ஏய், விடுங்கடி! நான் தொம்மை!"

"ஏடி குருசம்மா, மீன் பேசுது!"ன்னா செபத்தி.

"பேசுற மீனா? அப்ப பெரிய மீன். இழு!"

"ஐயோ, என் கால்ல வாதம்!"

"வாத மீனா! மருந்துக்காகும், இழு!"

"கெஞ்சிக் கேக்கிறேன், கையை விடுங்கம்மா!"

"கயித்துல கை வச்சாச்சு மாமா. மடி வீடு சேரட்டும், விடுறோம்"னு சொல்லி, அவன் குடிசை வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க. உள்ளே பார்த்தா, கூடை கூடையாக் கருவாடு, கட்டிப்போட்ட கோழிங்க. மூணு கோழி மட்டும் அவன் வயித்துக்குள்ள.

அப்புறம் என்ன? ஆம்பளைங்க திரும்பி வர்ற வரைக்கும் தினமும் கயித்துக்கு முதல் ஆளா நின்னு தொம்மைதான் இழுத்தான். வாதம் எங்க போச்சுன்னே தெரியலை. இழுக்கும்போது பூட்ஸும் ஒத்தைக் கால்ல இருக்கணும்னு செபத்தி கண்டிப்பாச் சொல்லிட்டா. அவன் கழட்டி வச்ச நேரம் பார்த்து ஒரு கோழி அதுல முட்டையும் போட்டுச்சு.

தப்பட்டை குருசம்மா கைக்கு வந்துச்சு. நண்டுக்கு அவ இன்னும் பயந்துக்கிட்டுதான் இருந்தா. ஆனா எதிரின்னு யாராச்சும் கத்தினா, முதல்ல குனிஞ்சு சுவட்டைப் பார்ப்பா.

நமக்கும் அவ்வளவுதான், கண்ணுங்களா. பயம் வந்தா வரட்டும். ஓடுறதுக்கு முன்னால ஒரு தடவை குனிஞ்சு பார்த்துக்கணும்.

கதையும் கரை சேர்ந்துச்சு, கயிறும் காஞ்சு போச்சு. கையை விட்டுட்டுக் கண்ணை மூடுங்க.