வாயுள்ள எல்லோரும்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. அங்கே ஏரித் தலைவரைக் குடவோலையில்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிடித்தவர் பெயரை எழுதிக் குடத்தில் போட வேண்டியது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மடைகாக்கும் சாத்தனை எதிர்த்து ராணியின் தம்பி அதிவீரன் நின்றான். எங்கிருந்தோ ஒரு வெண்கலப் பாவையைக் கொண்டுவந்தான்.

"மகாராஜா, இனி ஓலை எதற்கு? இதன் காதில் பெயரைச் சொன்னால் போதும். அந்தியில் இதுவே முடிவைச் சொல்லும்."

ராஜாவுக்குப் புதுசு என்றால் உயிர். 'வாயுள்ள எல்லோரும் பாவையின் காதில் சொல்ல வேண்டும்' என்று முரசு அறைந்தார்கள்.

முதலில் பக்கத்துக் கிராமத்தில் வைத்தார்கள். அந்தியில் பாவை பேசியது. உதடு அசையவில்லை. ஆனால் அவரவர் சொன்ன பெயர் அவரவர் குரலிலேயே வந்தது. காலையில் சொல்லிவிட்டுப் போய் மத்தியானம் செத்துப்போன குயவர் மாடனின் குரல்கூட, "சாத்தன்" என்றது. ஐயோ, அவர் மனைவி பூவாயி அலறிய அலறல்!

மறுநாளே அவள் வயலுக்கு வரும் மடையை அதிவீரன் அடைத்துவிட்டான். அவள் அரண்மனை விகடர் நல்லப்பனிடம் ஓடிவந்தாள்.

"செத்தவரு குரலையும் விட்டுவைக்கலியே சாமி! பயிரு கருகுது, நான் என்ன செய்வேன்?"

நல்லப்பன் சபைக்குப் போனான். "பிரபு, அந்தப் பாவையின் வாயை மூட வேண்டும்."

அதிவீரனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "மூடட்டுமே! தன் கையால் தொடாமல், நாளை அந்திக்குள் மூடட்டும். முடியாவிட்டால் தலையை வாங்குங்கள், மகாராஜா."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் பாவை தலைநகருக்கு வந்தது. ஊரே நடுங்கிக்கொண்டு அதன் காதில் சொன்னது. நல்லப்பன் ராஜாவை வணங்கினான்.

"வாயுள்ள எல்லோரும் என்பது தங்கள் ஆணை. அரண்மனையில் யாருக்கும் வாய் இல்லையா, பிரபு?"

ராஜா சிரித்துக்கொண்டே போய், ஒருமுறை இருமி, எதையோ சொல்லிவிட்டு வந்தார். ராணி கேட்டாள், "என் தம்பி பேரைத்தானே சொன்னீங்க?"

"பின்னே? வேற யாரைச் சொல்வேன்?" என்றார். வியர்த்துக் கொட்டியது.

அந்தி வந்தது, சபை கூடியது. பாவை குரல் குரலாக மாறி மாறிப் பேசியது. திடீரென்று ஒரு இருமல். ராஜாவின் இருமல்! "சா..." என்று தொடங்கியதுதான் தாமதம், ராஜா பாய்ந்து தம் பட்டு உத்தரீயத்தை அதன் வாயில் திணித்தார். துணிக்குள்ளும் அவர் குரல் முனகியது. தாமே தூக்கிக்கொண்டு ஓடி ஏரியில் எறிந்தார். வெகுநேரம் குமிழி வந்தது.

"நான் தொடவே இல்லை, பிரபு" என்றான் நல்லப்பன்.

பழைய குடம் வந்தது, சுற்றிலும் திரை கட்டினார்கள். வாசலில் அதிவீரன் நின்று ஒவ்வொருவரையும் மிரட்டினான்.

"யாருக்குப் போட்ட?"

"உங்களுக்குத்தான் சாமி" என்றாள் பூவாயி, கண் இமைக்காமல். ஊரே அதைத்தான் சொன்னது. ராஜாவும் அதையே சொன்னார்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். அதிவீரன் பெயரில் ஒரே ஓலை. அது அவனே போட்டது.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி நல்லப்பன் கழுத்தில் போட்டார், பூவாயியின் மடையைத் திறக்கச் சொன்னார். அதிவீரன் மெல்லத் திரும்பி அக்காளைப் பார்த்தான். ராணி தலையைக் குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.