முரட்டன் தாழ்த்திய கொம்பு

மூங்கில் அடர்ந்த ஒரு மலைக்காட்டில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது, பிள்ளைகளே. அதற்குத் தலைவி பேச்சி.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. செந்நாய்கள் வந்தால் பெரியவர்கள் எல்லோரும் கொம்பை வெளியே நீட்டிக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். கன்றுகள் வட்டத்துக்குள்ளே இருக்கும். அதை உடைத்த செந்நாய் இன்னும் பிறக்கவில்லை! ஆனால் தங்கள் கன்றுகளுக்கு மட்டும்தான் உள்ளே இடம் என்பது அவர்கள் சட்டம்.

ஒருநாள் உச்சிவெயிலில் செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கை கேட்டது. சட்டென்று வட்டம் கூடியது. அந்த நேரம் பார்த்து, தாயைத் தவறவிட்ட ஒரு கடமான் குட்டி மூச்சு வாங்க ஓடிவந்தது.

"என்னையும் உள்ளே விடுங்க!"

பேச்சி சற்றே விலகினாள். குட்டி உள்ளே புகுந்துவிட்டது.

இதுவரை காணாத பெரிய கூட்டத்தோடு செந்நாய்த் தலைவன் எதிரே வந்து உட்கார்ந்தான். பேச்சில் தேன் ஒழுகியது. "பேச்சியக்கா, உங்களோட எங்களுக்கு என்ன பகை? அந்த மான்குட்டியை மட்டும் வெளியே அனுப்புங்க. நாங்க பாட்டுக்குப் போயிடறோம்."

"அனுப்பிடுங்கம்மா!" என்று கத்தினான் முரட்டன். கூட்டத்திலேயே பெரிய காளை அவன். "யார் பெத்த பிள்ளைக்கோ நம்ம கன்னுங்களைப் பலி கொடுக்கிறதா? அனுப்பலேன்னா நாளையிலேர்ந்து நீங்க தலைவி இல்லே!"

"ஆமாம், ஆமாம்!" என்றன மற்றவை. ஆமாம் போடுவதற்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது?

பேச்சிக்கு முழங்கால் நடுங்கியது. அவளுடைய கன்றும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் அவள் குட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"பதவி போனா போகட்டும். நான் இதை அனுப்ப மாட்டேன். வேணும்கிறவங்க வந்து உங்க கொம்பாலே தள்ளுங்க. ஆனா என்னையும் சேர்த்துத்தான் தள்ளணும்."

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் முரட்டனைப் பார்த்தார்கள். பெரிதாகப் பேசியவன் அவன்தானே! வேறு வழியில்லாமல் அவன் வந்தான். குட்டியின் முன்னே கொம்பைத் தாழ்த்தினான்.

குட்டி அண்ணாந்து பார்த்தது. "மாமா, என்னைப் பார்த்துக்க வந்தீங்களா?" என்று கேட்டபடி அவன் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

முரட்டன் அப்படியே நின்றான். பிறகு குட்டியை மிதித்துவிடாமல் மெல்லத் திரும்பி, செந்நாய்களைப் பார்த்து உறுமினான். "டேய்! தைரியம் இருந்தா என் கொம்பைத் தாண்டி வந்து எடுத்துக்கோங்கடா!"

அடுத்து நின்ற காளை குளம்பால் தரையைக் கீறியது. அதைப் பார்த்து அடுத்தது. வட்டம் முன்னைவிட நெருக்கமாக இறுகியது. செந்நாய்கள் பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலையில் தாய்க் கடமான் தேடி வந்தது. குட்டியை நக்கி நக்கி அழுதது. "பேச்சியம்மா, உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட என்ன இருக்கு? இந்தக் குரல்தான் இருக்கு. இனிமே செந்நாய் வாடை அடிச்சா முதல்ல உங்களுக்குத்தான் கத்துவேன்" என்றது. சொன்னபடியே கடைசிவரை கத்தியது.

எல்லோரும் மேயப் போனபின் முரட்டன் மட்டும் தலை குனிந்து நின்றான்.

"நேத்து நான் அதைத் தள்ளியிருந்தா, இன்னிக்கு என் கன்னு முகத்துல எப்படிம்மா முழிப்பேன்? அந்தப் பாவத்துலேர்ந்து என்னைக் காப்பாத்திட்டீங்க. இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்."

"எனக்கும் காலெல்லாம் நடுங்கிச்சு, முரட்டா" என்றாள் பேச்சி. "நீ திரும்பி நின்ன பிறகுதான் நடுக்கமே நின்னுச்சு. நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."

நீதி: பயந்தபோதும் நியாயத்தை விட்டு நகராத தலைவர், பின்னால் நிற்பவர்களுக்கும் நெஞ்சுரத்தைக் கொடுக்கிறார்.